பெயருக்கு அரசிதழ், பாலினத்துக்கு ஆட்சியர்: சில சந்தேகங்களும் விளக்கங்களும்

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதியதே பெயர், அவர் போட்டதே பிறந்த தேதி என்று வளர்ந்த தலைமுறை கோவில்பட்டி வட்டாரத்தில் இன்னும் இருக்கிறது. வீட்டில் கூப்பிடுவது ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், தீப்பெட்டி ஆபீஸ் பி.எஃப். கணக்கில் இன்னொரு பெயர். முன்பெல்லாம் அது பெரிய சங்கடமாக இருந்ததில்லை. ஊரில் எல்லோருக்கும் ஆளைத் தெரியும். இப்போது ஆளைக் கம்ப்யூட்டர்தான் அடையாளம் காண வேண்டியிருக்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு ஆள் என்று சொல்லிவிடுகிறது.

பெயரோடு பாலினமும் மாற வேண்டியவர்களுக்கு அலைச்சல் இரட்டிப்பு. கோவில்பட்டியை ஒட்டிய மந்தித்தோப்பில் திருநங்கைகள் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் குடியிருப்புக்கு, அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த சந்தீப் நந்தூரியின் பெயரால் சந்தீப் நகர் என்று பெயர் வைத்தார்கள். நாடே திரும்பிப் பார்த்த முயற்சி அது. ஆனால் சங்கத்தில் உறுப்பினராக, வங்கியில் கணக்குத் தொடங்க, மாட்டுக் கடன் வாங்க, வீட்டு மனைக்குப் பெயர் கொடுக்க என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது அடையாள அட்டையைத்தான்.

இதில் பெரும்பாலான குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், இரண்டு தனித்தனிப் பாதைகளை அலுவலகங்களும் மக்களும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதிலிருந்துதான். அரசிதழ் வழி எல்லோருக்கும் பொது. ஆட்சியர் சான்றிதழ் வழி திருநங்கை, திருநம்பி உள்ளிட்ட திருநருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் போட்டுக் கொடுத்தது. கீழே சொல்வதெல்லாம் அந்தச் சட்டமும் அதன் 2020ஆம் ஆண்டு விதிகளும் எழுதப்பட்டபடி. சட்டங்கள் திருத்தப்படுவது வழக்கம். ஆகவே விண்ணப்பிக்கிற நாளில் நடப்பில் உள்ள படிவம் எது, கேட்கும் இணைப்புகள் எவை என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆதாரில் இனிஷியல் பின்னால், பத்தாம் வகுப்புச் சான்றில் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. அரசிதழில் போட வேண்டுமா?

வேண்டியதில்லை. இது பெயர் மாற்றம் ஆகாது, பிழைத் திருத்தம். எந்த அலுவலகம் தப்பாக எழுதியதோ அந்த அலுவலகத்திலேயே, சரியாக உள்ள இன்னொரு ஆவணத்தைக் காட்டித் திருத்திக்கொள்ளலாம். பி.எஃப். கணக்கில் பெயர் பிசகியிருந்தால் தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுத்துத் திருத்தும் முறை இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம், பாலினத்தையும் பிறந்த தேதியையும் ஒரே ஒரு தடவை. எண் சோதிடர் சொன்னார் என்று ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டுவதற்கு ஒரு வாய்ப்பைச் செலவழித்தவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு இன்னொன்றையும் செலவழித்துவிட்டு, நிஜமான தேவை வரும்போது கையைப் பிசைகிறார்கள்.

பெயரையே மாற்றுகிறேன். அரசிதழில் போடுவது எப்படி?

தமிழ்நாடு அரசின் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் அந்தத் துறையின் இணையதளத்தில் கிடைக்கும். பழைய பெயர், புதிய பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி எல்லாம் எழுதி, அதிகாரியின் சான்றொப்பத்தோடு, கட்டணம் கட்டி அனுப்பினால் அரசிதழின் ஆறாம் பகுதி நான்காம் பிரிவில் அறிவிப்பாக வரும்.

அந்தப் பக்கங்களின் தலைப்பிலேயே ஒரு எச்சரிக்கை அச்சிட்டிருக்கும்: இந்த விளம்பரங்களுக்கு அரசு எந்தச் சட்டப் பொறுப்பும் ஏற்காது, விளைவுகளுக்கு விளம்பரம் கொடுத்தவரே பொறுப்பு. அதாவது, அரசு உங்களுக்குப் பெயர் வைப்பதில்லை. நீங்கள் வைத்துக்கொண்ட பெயரை ஊருக்குச் சொல்லும் இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைக் காட்டி ஒவ்வொரு அட்டையையும் நீங்கள்தான் போய் மாற்ற வேண்டும். மாற்றி முடிகிற வரைக்கும் வங்கிக் கதவு அடைபடாது. பழைய பெயரில் உள்ள ஆவணத்தோடு அரசிதழ் நகலையோ திருமணப் பதிவுச் சான்றையோ சேர்த்துக் கொடுத்தால் அதைச் செல்லுபடியாகும் ஆவணமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வங்கிகளுக்கான வாடிக்கையாளர் அடையாள விதிகளே சொல்கின்றன.

நான் திருநங்கை. பெயர் மாற்றத்துக்கு நானும் அரசிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டுமா? கேட்கிற இடத்திலெல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள்.

அவர்கள் கேட்பது பழக்கத்தால். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜனவரி 10 அன்று நடப்புக்கு வந்தது. அதன்படி மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழ் கையில் இருந்தால், பிறப்புச் சான்றிதழிலும் மற்ற எல்லா அதிகாரபூர்வ அடையாள ஆவணங்களிலும் பெயரை மாற்றிக்கொள்ளும் உரிமை வந்துவிடுகிறது. எந்தெந்த ஆவணங்கள் என்று விதிகளின் பின்னிணைப்பில் பட்டியலே போட்டிருக்கிறார்கள்: பிறப்புச் சான்று, சாதிச் சான்று, கல்விச் சான்றிதழ்கள், வாக்காளர் அட்டை, ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், குடும்ப அட்டை, வங்கி மற்றும் அஞ்சலகப் பாஸ்புத்தகம், பாஸ்போர்ட் என்று நீள்கிறது. விண்ணப்பித்த 15 நாளில் பெயரையோ பாலினத்தையோ புகைப்படத்தையோ மாற்றித்தர வேண்டும் என்பது விதி. கவுன்ட்டரில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். அந்தப் பக்கத்தை அச்சடித்துக் கையில் கொண்டுபோவது நல்லது.

அரசிதழ் வழியில் போகாமல் இருப்பதற்கு என் கணக்கில் இன்னொரு காரணம் உண்டு, அதுவே பெரியது. அரசிதழ் பகிரங்கமான ஏடு. பழைய பெயரும் புதிய பெயரும் தகப்பனார் பெயரும் வீட்டு முகவரியும் ஒரே வாக்கியத்தில் அச்சாகி, இணையத்திலும் ஏறிவிடும். எண் சோதிடத்துக்காகப் பெயர் மாற்றியவருக்கு அதனால் ஒன்றும் இல்லை. வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு, அல்லது வேலை பார்க்கும் இடத்தில் பழைய கதையைச் சொல்ல விரும்பாத ஒருவருக்கு அது நிரந்தரமான தொல்லை. ஆட்சியர் சான்றிதழ் அவருக்கும் அலுவலகத்துக்கும் இடையே முடிகிற காரியம். சட்டமே அந்த வழியைக் கொடுத்திருக்கும்போது, அரசிதழ் கொண்டுவா என்று திருப்பி அனுப்புவது ஒருவரைத் தேவையில்லாமல் சந்தியில் நிறுத்துவது.

பிறந்தது சங்கரன்கோவில் பக்கம், இப்போது இருப்பது கோவில்பட்டியில். எந்த ஆட்சியரிடம் கேட்பது?

கரிசல் பூமிக்கு ஒரே மாவட்டம் கிடையாது என்பதால் இந்தச் சந்தேகம் நமக்கு மற்றவர்களைவிட அதிகம். கோவில்பட்டியும் விளாத்திகுளமும் எட்டயபுரமும் தூத்துக்குடி மாவட்டம். சாத்தூரும் சிவகாசியும் விருதுநகர். சங்கரன்கோவில், 2019 நவம்பரிலிருந்து தென்காசி. தூத்துக்குடி மாவட்டமே 1986இல்தான் பிரிந்தது. அதற்கு முன்னால் பிறந்த கோவில்பட்டிக்காரருக்குப் பிறப்புச் சான்றில் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் இருக்கும். அதை யாரும் பிழை என்று சொல்ல முடியாது, திருத்தவும் வேண்டாம்.

சான்றிதழுக்குப் பிறந்த ஊர் கணக்கில்லை. விண்ணப்பிக்கும் நாளில் தொடர்ச்சியாக 12 மாதம் எந்த மாவட்டத்தில் குடியிருக்கிறீர்களோ அந்த ஆட்சியர்தான். விண்ணப்பம் இணையம் வழியாக, ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்தின் திருநர் தேசிய இணையவாசலில். 2020 நவம்பரில் தொடங்கியது அது. விண்ணப்பப் படிவத்தோடு உங்கள் பாலின அடையாளத்தை நீங்களே உறுதிசெய்யும் பிரமாணப் பத்திரம் ஒன்று வேண்டும். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோரோ காப்பாளரோ விண்ணப்பிக்க வேண்டும். 30 நாளில் சான்றிதழும் அடையாள அட்டையும் தர வேண்டும் என்று விதி. எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறி, கோரம்பள்ளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலரை நேரில் பார்த்துவிட்டு வருவது எதற்கென்றால், கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். விண்ணப்பிக்க அந்தப் பயணம் தேவையில்லை.

ஆபரேஷன் செய்திருந்தால்தான் தருவார்களா?

ஆட்சியரின் முதல் சான்றிதழில் திருநர் என்று பதிவாகும். அதற்கு மருத்துவப் பரிசோதனை எதுவும் கூடாது என்று 2020 விதிகள் தெளிவாகவே சொல்லின. டாக்டர் சீட்டு கேட்பதற்கு அந்த விதியில் இடமில்லை.

ஆண் அல்லது பெண் என்றே பதிவாக வேண்டும் என்றால் இரண்டாவது படி ஒன்று இருக்கிறது. சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி சிகிச்சை முடிந்த பிறகு, அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளரோ தலைமை மருத்துவ அலுவலரோ தரும் சான்றோடு மறுபடி ஆட்சியரிடம் விண்ணப்பித்துத் திருத்திய சான்றிதழ் வாங்க வேண்டும். இங்கே சிகிச்சை என்பது அறுவை மட்டும்தானா என்றால் இல்லை. மனநல ஆலோசனை, ஹார்மோன் சிகிச்சை இரண்டையும் விதிகள் அந்தச் சொல்லுக்குள் சேர்த்திருக்கின்றன. இது பலருக்குத் தெரியாது, சில அலுவலர்களுக்கும்.

உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தேசிய சட்டப் பணிகள் ஆணைய வழக்கில் சொன்னது இதைவிடத் தாராளமானது. ஆண், பெண், மூன்றாம் பாலினம் எதுவானாலும் தன் பாலினத்தைத் தானே முடிவுசெய்யும் உரிமை ஒருவருக்கு உண்டு, அதற்கு அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்குவது அறமும் ஆகாது, சட்டமும் ஆகாது என்றது நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி அமர்வு. ஐந்து ஆண்டு கழித்து வந்த சட்டம், ஆண் பெண் என்று பதிவதற்கு மருத்துவமனைச் சான்றைக் கேட்டதன் மூலம் அந்தத் தீர்ப்பிலிருந்து ஒரு அடி பின்னால் போனது என்றே நான் நினைக்கிறேன். தீர்ப்பு வந்த அந்த ஏப்ரல் 15ஐத் தமிழ்நாடு அதற்கு முன்பிருந்தே திருநங்கையர் தினமாகக் கொண்டாடிவந்தது. 2008இல் இதே தேதியில்தான் திருநங்கையர் நல வாரியம் இங்கே அமைந்தது. தேதிகள் பொருந்தியது தற்செயல்.

அப்படியானால் முதலில் திருநர் என்று மாற்றிவிட்டு, பிற்பாடு பெண் என்று மாற்றிக்கொள்ளலாமா?

சான்றிதழில் மாற்றலாம். ஆதாரில்தான் சிக்கல். பாலினத்தை மாற்ற வாழ்நாளில் ஒரே வாய்ப்பு என்று மேலே சொன்னேன். திருநர் என்று மாற்றியதோடு அந்த வாய்ப்பு தீர்ந்துவிடும். இரண்டாவது தடவை மாற்ற இ-சேவை மையத்தாலோ தபால் ஆபீஸ் ஆதார் கவுன்ட்டராலோ முடியாது. விதிவிலக்குக் கேட்டு, தமிழ்நாட்டுக்குப் பொறுப்பான பெங்களூரு மண்டல அலுவலகம் வரைக்கும் போக வேண்டும். ஓரிரு வருஷத்துக்குள் ஆண் என்றோ பெண் என்றோ திருத்திய சான்றிதழ் வாங்கப்போவது உறுதி என்றால், ஆதாரில் இப்போது பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றிக்கொண்டு, பாலின வாய்ப்பைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளலாம். உறுதி இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். திருநர் என்ற பதிவும் சட்டப்படி முழுமையானதே.

எந்த அட்டையை முதலில் மாற்றுவது?

ஆட்சியர் சான்றிதழ், அதற்குப் பிறகு ஆதார், அதற்குப் பிறகு பான், வங்கி. ஆதாரில் செல்போன் எண் உங்களுடையதுதானா என்று முதலிலேயே பாருங்கள். வீட்டை விட்டு வந்தவர்கள் பலருக்கும் அது அண்ணன் எண்ணாகவோ அப்பா எண்ணாகவோ இருக்கும். ஓ.டி.பி. அங்கே போகும், விஷயமும் போய்விடும்.

ஆட்சியர் தரும் திருநர் அடையாள அட்டையை ஆதாருக்குச் சான்றாக ஏற்கிறார்கள். பான் விண்ணப்பத்தில் 2018 ஏப்ரலில் திருநர் என்ற தனிக் கட்டம் வந்தது. ஆதாரும் பானும் இணையாமல் தவித்த ஒருவர் தொடுத்த வழக்கில், ஆட்சியரின் சான்றிதழைப் பானுக்கு ஏற்போம் என்று ஒன்றிய அரசு 2024இல் உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8. பாஸ்போர்ட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாம் ஒத்துப்போன பிறகு. நம் மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது.

பெயர் அப்படியே இருக்கட்டும், பாலினம் மட்டும் மாறினால் போதும். முடியுமா?

முடியும். பெயர் "அல்லது" பாலினம் "அல்லது" படம் என்றுதான் விதி எழுதப்பட்டிருக்கிறது. செண்பகம், கனி என்ற பெயர்களுக்கு நம் பக்கத்தில் ஆணும் திரும்புவார், பெண்ணும் திரும்புவார். இடைசெவல் கி. ராஜநாராயணன் எழுதிய 'கோமதி' கதையில், தன்னைப் பெண்ணாகவே உணரும் சமையல்காரரின் பெயர் கோமதி செட்டியார். அவருக்கெல்லாம் அரசிதழும் வேண்டாம், புதுப் பெயரும் வேண்டாம்.

பள்ளிக்கூடச் சான்றிதழ்?

இதுதான் கல்லிலே நார் உரிக்கிற வேலை. பள்ளியை விட்டுப் போன பிறகு பெயரை மாற்ற முடியாது என்பது கல்வித் துறையில் ஊறிப்போன எண்ணம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களைத் தருவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். மாற்றுச் சான்றிதழ் தருவது பள்ளி. பட்டம் பல்கலைக்கழகத்துடையது. மூன்று இடத்துக்கும் தனித்தனி விண்ணப்பம். கல்விச் சான்றிதழ்கள் விதிகளின் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன என்பதை விண்ணப்பத்தில் எழுதுங்கள். தலைமையாசிரியரிடம் வாய்ச்சொல்லாகக் கேட்டுத் திரும்பாமல் எழுத்தில் கொடுங்கள்.

எங்கே இது உயிர்நாடி என்றால் வேலையில். கே. பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் ஆண், பெண் தவிர வேறு கட்டமே இல்லை. 2015 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அமர்வு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2017இல் தருமபுரி மாவட்டத்தில் பணியில் சேர்ந்தார். ஒவ்வொருவரும் உயர்நீதிமன்றம் போக முடியாது. வேலைக்கு விண்ணப்பிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே சான்றிதழ்களை ஒழுங்கு செய்துவிடுங்கள்.

சாதிச் சான்று போய்விடுமா?

போகாது. பெயரும் பாலினமும்தான் மாறும், சமூகம் பிறப்பால் வந்தபடியே. 2015இல் தமிழக அரசு திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்ததிலிருந்து இந்தப் பயம் பரவியது. பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கையர், எங்களை எதற்கு வேறு வகுப்பில் தள்ளுகிறீர்கள், அவரவர் வகுப்புக்குள்ளேயே கிடைமட்ட ஒதுக்கீடு கொடுங்கள் என்று கேட்டார்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கையான கிரேஸ் பானு இதற்காகத் தொடர்ந்து குரல் கொடுத்துவருபவர். பாலினத்தைச் சாதியாகப் பார்க்கக் கூடாது என்று 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றமும் சொன்னது.

மகனாகப் பிறந்து மகளாகப் பதிவு செய்துகொண்டால் நிலத்தில் பங்கு குறையுமா? வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வீட்டில் சொல்வது தவறு. சிலர் தெரியாமல் சொல்கிறார்கள், சிலர் தெரிந்தே சொல்கிறார்கள். மானாவாரி நிலம் என்றாலும் காற்றாலைக்கும் சூரிய மின் பண்ணைக்கும் ஆள் தேடி வருகிற காலம் இது. மகன் என்ற பங்காளியைக் கழித்துவிட்டால் லாபம் என்று ஒரு கணக்கு ஓடுகிறது.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்த திருத்தமும், நாடு முழுவதற்கும் 2005 செப்டம்பர் 9 முதல் வந்த திருத்தமும் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று ஆக்கிவிட்டன. உச்ச நீதிமன்றம் 2020இல் அதை இன்னும் உறுதிப்படுத்தியது. ஆகவே நீங்கள் மகனா மகளா என்பதைப் பொறுத்துப் பங்கின் அளவு மாறாது. பெற்ற பிள்ளை என்பது போதும். தகப்பனார் சுயமாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம், அது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஆபத்து.

ஏற்கெனவே உங்கள் பழைய பெயரில் பட்டாவோ கிரயப் பத்திரமோ இருந்தால் பெயர் மாற்றத்தால் உரிமை போகாது. பத்திரத்தை மறுபடி எழுதவும் வேண்டாம். விற்கும்போது ஆட்சியர் சான்றிதழையும் பழைய ஆவணத்தையும் சேர்த்துக் காட்டினால் போதும். அதனால்தான் சொல்கிறேன், எவ்வளவு வெறுப்பிருந்தாலும் பழைய பெயரில் உள்ள எந்தக் காகிதத்தையும் கிழித்துப் போடாதீர்கள். வாரிசுச் சான்று வாங்கும்போது உங்கள் பழைய பெயரையாவது எழுத வைக்க வேண்டும். பெயரே இல்லாமல் வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாற்றிவிட்டால் பிறகு சிவில் கோர்ட்டில்தான் தேட வேண்டியிருக்கும்.

அட்டை மாறினால் கல்யாணத்தைப் பதிவு செய்யலாமா?

செய்யலாம். இதற்கு வழி திறந்ததே நம் மாவட்டம்தான். 2018 அக்டோபர் கடைசியில் தூத்துக்குடி சங்கரராமேசுவரர் கோயிலில் ஒரு இளைஞரும் ஒரு திருநங்கையும் மாலை மாற்றிக்கொண்டார்கள். பதிவாளர் அலுவலகம் மறுத்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22 அன்று, இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும், பதிவு செய்யுங்கள் என்று உத்தரவிட்டார். ஒருபால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர மறுத்த 2023 அக்டோபர் தீர்ப்பில்கூட, திருநர் ஒருவர் ஆண்–பெண் உறவில் திருமணம் செய்ய இப்போதைய சட்டங்களே இடம் தருகின்றன என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. பதிவுச் சட்டம் தெரியாது என்று எந்தச் சார்பதிவாளரும் இன்று சொல்ல முடியாது.

மறுத்தால் என்ன செய்வது? வக்கீல் வைக்க வேண்டுமா?

முதல் கட்டத்தில் வேண்டாம். வாய்மொழியாக மறுப்பதுதான் வழக்கம், எழுத்தில் மறுக்கத் தயங்குவார்கள். ஆகவே விண்ணப்பத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் "பெறப்பட்டது" முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அங்கே வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சியர் சான்றிதழே நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கும் விதியில் வழி இருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்கு எண் விழும், அந்த எண்ணை வைத்துத் தொடரலாம். அதற்கு மேலும் அசையவில்லை என்றால் கோவில்பட்டி நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். போகும்போது அந்த முத்திரை போட்ட பிரதியைக் கொண்டுபோங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.